பிரேம்சந்த்

காசி மாநகரை அடுத்த லமஹி என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் பிரேம்சந்த். பெற்றோர் இட்ட பெயர் தனபத்ராய். தந்தையார் அஞ்சலக எழுத்தர். இளமையிலேயே இவர் அன்னையை இழந்தார். குலவழக்கப்படி, ஏறத்தாழப் பதினைந்தாம் அகவையில் பெரியோர் இவருக்கு மணம் முடித்தனர். மணமக்களின் மனம் அறியாது செய்த அம்மணம் நிலைக்கவில்லை. 1906ஆம் ஆண்டில், இளமையிற் கைம்மை எய்திய சிவராணி தேவியாரை மணந்தார். கைம்பெண்ணை மணத்தல் இழிவெனக் கருதப்பட்ட காலம் அது.

இங்ஙனம் வழக்கத்தை மீறிய இவர், முன்னோர் மரபு அனைத்தையும் வெறுத்தாரோ எனின், இல்லை. ஆங்கில அரசு இவருடைய கதைநூலைப் பறிமுதல் செய்தமையால், பிரேம்சந்த் என்னும் புனைபெயர் பூண்டு, 1910ஆம் ஆண்டில் ஒரு சிறுகதை வெளியிட்டார். 'பெரிய வீட்டுப் பெண்' என்பது அதன் தலைப்பின் பொருள்.

அக்கதையில், கூட்டுக் குடும்பத்தைப் பெரிதும் போற்றிவந்தவன் கல்வி கற்ற மூத்த மகன். பருப்பில் நெய்யில்லை என்று எழுந்த பூசலில், தம்பி தன் அண்ணியின் மீது பாதக்குறட்டை வீசுகிறான். அதனை அறிந்த அண்ணன், இனி இவ்வீட்டில் வாழேன் எனத் தந்தையோடு மாறுபடுகிறான். முதியவர் கலங்குகிறார். நாணமுற்ற தம்பியோ வீட்டைத் துறந்து செல்லப் புறப்படுகிறான். அப்போது, அடிபட்ட மருமகளே சினம் தணிந்து அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். பிளவுபடவிருந்த குடும்பம் ஒன்றுபடுகிறது.

ஏறத்தாழ 300 சிறுகதைகள் இயற்றிய பிரேம்சந்த் 1936ஆம் ஆண்டு மறைந்தார். உயிரை வருத்தும் வழக்கத்தை அவர் கைவிட்டார். உள்ளங்களைப் பிணைக்கும் மரபைப் போற்றினார்.