மரத்தில் செய்த எழுத்துகள்: மரியா மாண்டிசோரி அம்மையார்

ஈப்போவில் மாண்டிசோரி என்ற பெயர் தாங்கிய பாலர் பள்ளிப் பலகைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆனால் அந்தப் பெயருக்குரிய அம்மையார் முதன்முதலில் எழுத்தறிவித்தது, படிக்கவே முடியாதென ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், 1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே மனநோய் விடுதிகளில் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைக் கண்டார். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துகள்களைப் பொறுக்குவார்களாம். மற்றவர்கள் அதை அருவருப்பாகப் பார்த்தார்கள். தொட்டுப் பார்க்க வேறெதுவும் இல்லாத கைகளின் தேடலாகவே அம்மையாருக்கு அது பட்டது என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

1900இல் இத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளியொன்றை ரோமில் இணைந்து நடத்தினார். அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் வரவேயில்லை. அம்மையார் ஊசியை எடுத்து வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளைப் பாய்போலப் பின்னப் பழக்கினார். பிறகு ஊசியைக் கொடுத்தபோது அவள் தைத்தாள். செய்யச் சொல்லும் முன் கையை அதற்குப் பழக்க வேண்டும் என்ற முறை இங்கேதான் பிறந்தது. உயிரெழுத்து சிவப்பு, மெய்யெழுத்து நீலம் என மரத்தில் எழுத்துகள் செய்வித்தார். பிள்ளைகள் அவற்றை விரலால் வருடினர், பின்பு அடுக்கிச் சொல்லாக்கினர். அவர்களுள் சிலர் பொதுப்பள்ளித் தேர்வெழுதித் தேறினர். ஊரே பாராட்டியது. அம்மையாரோ, நலமான பிள்ளைகள் ஏன் இவர்களைவிட மேலே போகவில்லை என்று யோசித்தார்!

பென்சில் பிடிக்காத கையும் அடுக்கிய எழுத்தால் சொல்லைச் சொல்லிவிடும். இதை நான் வீட்டில் கண்டிருக்கிறேன். என் தம்பிக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. இதே பெயர்ப்பலகை மாட்டிய ஒரு பாலர் பள்ளி அவனைச் சேர்க்க மறுத்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய எங்கள் பாட்டி, அவன் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தார். அம்மா காலண்டர் அட்டையில் எழுத்து வெட்டினார். 247 எழுத்தையும் யார் வெட்டுவது? கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டிக்கொண்டார். இரட்டைக்கொம்பு, த, கால், இணைக்கொம்பு, ச என ஐந்து அட்டைகளில் தம்பி ஒருநாள் தோசை கேட்டான். இன்று அவன் தொட்டால் கைக்கணினி பேசுகிறது.

1901இல் அம்மையார் அந்தப் பள்ளியிலிருந்து விலகினார். 1907இல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். மர எழுத்துக்கு வழியில்லாததால் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் அங்கேதான் வந்தன. உலகப் புகழும் அங்கிருந்தே வந்தது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் அவர் மீண்டும் முழுநேரமாகத் திரும்பாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில், 69 வயதில், மகன் மரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஓலைக்கொட்டகைகளில் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மகனைச் சிறைமுகாமில் வைத்தது. தாயின் எழுபதாம் பிறந்தநாளன்றுதான் விடுவித்தது. அடுத்துக் கொடைக்கானலில் தங்கிப் பள்ளி நடத்தினார். அவர் அங்கிருந்த 1943இல்தான் அமெரிக்காவில் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்துக் கட்டுரை எழுதினார். ரோம் விடுதிகளில் துகள் பொறுக்கிய பிள்ளைகளிலும் அத்தகையோர் இருந்திருக்கலாம். அப்போது அதற்குப் பெயரில்லை.

1946இல் ஐரோப்பா திரும்பியவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949வரை பணியாற்றினார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆப்பிரிக்காவுக்குப் போகலாமா என்று அன்றுகூட மகனோடு பேசிக்கொண்டிருந்தாராம்.