கம்பங்களுக்கு நடுவே நின்ற தங்கராஜ்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோலைத் தடுத்தவனை யாரும் தூக்குவதில்லை. நம் கல்லூரி அணியில் இரண்டாண்டுகளாகக் கோல் காத்து வரும் நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை; வழக்கம் அப்படித்தான் இருக்கிறது. பத்து முறை பந்தைப் பிடித்தால் ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை. பதினோராம் முறை அது உள்ளே போய்விட்டால் விடுதியில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு! ஆண்டு மலருக்கு மறைந்த பெரியோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று தமிழ்ப் பேராசிரியர் கேட்டபோது நண்பர்கள் புலவர்களையும் தலைவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு கோல்கீப்பரை எடுத்துக்கொண்டேன். அவர் பீட்டர் தங்கராஜ்.

பெயர் தமிழ்ப் பெயர். பிறந்ததோ ஹைதராபாத்தில், 1935 டிசம்பர் 24-ஆம் நாள். அந்த நாளில் ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் கால்பந்துக்குப் பெயர் போன ஊர்கள். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய சங்கங்களில் அவர் ஆடத் தொடங்கினார். 1953-இல் இராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் நம் தமிழ்நாட்டில்தான்: நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறவர்களுக்குக் குன்னூரைத் தாண்டியதும் அந்த நிலையம் வரும். உதகைக்கு உல்லாசப் பயணம் போகும் நம்மவர்கள் சன்னல் வழியே அதைப் பார்த்திருப்பார்கள்; அங்கே ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் உருவானார் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. தங்கராஜ் முதலில் கோல்கீப்பரே அல்லர். சென்டர் ஃபார்வர்டு, அதாவது கோல் போடுகிறவர். வெலிங்டனில்தான் அவரைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். ஆறடியைத் தாண்டிய உயரம் அதற்குக் கை கொடுத்தது. கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. இத்தனை பெரிய வாசலை ஒற்றை ஆள் காக்கவேண்டும். உயரம் மட்டும் போதாது. எதிரி எங்கே அடிப்பான் என்பது அவன் காலைத் தூக்கும்முன் தெரியவேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் கொள்ளிடம். நீர் வற்றிய மாதங்களில் அந்த மணலில்தான் நான் பாய்ந்து விழப் பழகினேன். மணலில் விழக் கற்கலாம், பந்து வருமிடத்தை முன்கூட்டி உணரக் கற்பது வேறு வித்தை. அதற்கு அடிப்பவனின் மனம் தெரியவேண்டும். தாமே அடித்துப் பழகியவருக்கு அது இயல்பாகவே வாய்த்திருக்கும் என்பது என் எண்ணம்.

1955-இலும் 1958-இலும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி டூரண்டு கோப்பையை வென்றது. 1960-இல் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் தலைவர் தங்கராஜ். ஒரு கோல்கீப்பரை அணித் தலைவராக்கியதைக் குறித்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!

அன்றைய இந்தியக் கால்பந்தின் நிலையை இளைய தலைமுறைக்குச் சற்றுச் சொல்லவேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றோம். நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடம் பெற்றோம். அந்த மாற்றத்துக்குக் காரணமான பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அந்த அணியில் தங்கராஜும் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இருந்தார். அங்கே ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில்தான் தோற்றோம். அந்த ஹங்கேரி பின்னர் வெண்கலம் வென்ற அணி. பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். இன்று இதைச் சொன்னால் கிரிக்கெட் மட்டையோடு நிற்கும் தம்பிமார் நம்ப மறுக்கிறார்கள்.

இனி 1962-க்கு வருகிறேன். இதற்காகவே இக்கட்டுரையை எழுதினேன் என்றாலும் தவறில்லை.

ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அப்படியானால் இவற்றை ஆசிய விளையாட்டுகள் என்று அழைக்கக் கூடாது என்று இந்தியாவைச் சேர்ந்த ஜி.டி. சோந்தி வாதிட்டார். ஊர் மக்களின் கோபமெல்லாம் நம் வீரர்கள்மீது திரும்பியது. நம் அணி களம் இறங்கினாலே கூச்சல். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்று இறுதிக்கு வந்தோம். எதிரே மீண்டும் அதே தென்கொரியா.

அதுவரை நம் கோலைக் காத்தவர் பிரத்யோத் பர்மன். தங்கராஜ் ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் ஒரு முடிவெடுத்தார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கித் தலையால் முட்டி ஆடுவார்கள். அதை எதிர்கொள்ள உயரமான ஆள் வேண்டும். ஆகவே காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்த தங்கராஜே நிற்கட்டும் என்றார். வென்ற அணியின் கோல்கீப்பரை இறுதி ஆட்டத்தில் மாற்றுவது எத்தனை பெரிய துணிவு! தோற்றிருந்தால் ரஹீமையும் தங்கராஜையும் நாடு சும்மா விட்டிருக்காது. பர்மனையும் இங்கே நினைக்கவேண்டும். இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு வெளியே உட்கார்ந்து பார்ப்பது எளிதன்று. மாற்று ஆட்டக்காரனாக ஓராண்டு பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காயம்பட்டவர் இன்னொருவரும் இருந்தார். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங், தலையில் தையலோடு, முன்வரிசையில் ஆடினார். செப்டம்பர் 4-ஆம் நாள் ஆட்டம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நம்மை எதிர்த்துக் கூவிக்கொண்டிருக்க, 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல், 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல். பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் அன்று நமக்காகக் கைதட்டினார்கள் என்று ஆடியவர்கள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார்கள்.

இருபது நிமிடத்தில் இரண்டு கோல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீதி எழுபது நிமிடம்? அது முழுக்கக் காக்கிறவர்களின் பொழுது. காய்ச்சல் விட்ட உடம்போடு, காது கிழியும் கூச்சலில், உயரே வரும் ஒவ்வொரு பந்துக்கும் எழும்ப வேண்டும். கொரியர்களால் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. அதுவும் ஆட்டம் முடியும் தறுவாயில். 2-1 என்று தங்கம் நமக்கு. 1951-க்குப் பிறகு இரண்டாம் முறை. இதை எழுதும் வரை மூன்றாம் முறை வரவில்லை. அடுத்த ஆண்டே, 1963 ஜூனில், ரஹீம் புற்றுநோயால் காலமானார்.

தங்கராஜ் பிறகு கல்கத்தாவின் பெரிய சங்கங்களுக்கு ஆடினார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று ஒன்றையொன்று ஜென்மப் பகையாக நினைக்கும் மூன்றுக்குமே கோல் காத்த பெருமை அவருக்கு உண்டு. அந்த ஊரில் ஒரு சங்கத்தை விட்டு மற்றதற்குப் போவது, தேரோட்டத்தில் வடத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நின்று இழுப்பது போல. அப்படியும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 1967-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 1971-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பொன்மலை ரயில்வே மைதானத்தில் மாலை வேளைகளில் ஆடும் சிறுவர்களிடம் சென்ற மாதம் கேட்டுப் பார்த்தேன். மெஸ்ஸியைத் தெரியும், ரொனால்டோவைத் தெரியும். தங்கராஜ் என்றதும் யாரோ கடைக்காரர் பெயர் போலப் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உடற்கல்வி இயக்குநர் சொல்லும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை. ஒரு கோல்கீப்பர் பையன் மட்டும் என் பின்னாலேயே வந்து, காய்ச்சலோடு எப்படி அண்ணா ஆடினார் என்று கேட்டான். அவனுக்காக முழுக் கதையையும் மறுபடி சொன்னேன்.

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளரான தங்கராஜ், பொகாரோ எஃகு நகரில் குடியமர்ந்தார். அங்கேயே 2008 நவம்பர் 24-ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். எழுபத்து மூன்று வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.