ஓலையெழுத்தை அச்சில் ஏற்றிய அண்டிறிக் அடிகளார்

கோயில் திருவிழா அறிவித்தலையோ கலியாண அழைப்பிதழையோ கையில் எடுத்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? தலைப்பில் உள்ள பெரிய அலங்கார எழுத்துக்குத்தான். வளைவும் சுழிப்பும் நிழலுமாக அது நம்மை அழைக்கிறது. சில வேளைகளில் அலங்காரம் மிஞ்சி, எழுத்து இன்னதென்றே தெரியாமல் போவதும் உண்டு. அழகு முந்தியதா, வாசிப்பவர் முந்தியவரா? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளால் விடை சொன்ன ஒருவரை இன்று அறிந்துகொள்வோம்.

ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது அவர் பெயர். தமிழ்மக்கள் அண்டிறிக் அடிகளார் என்றார்கள். போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் 1520இல் பிறந்தார். யூத வழிவந்த குடும்பம் என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தது. 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார். புனித சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார்.

அங்கே அவர் முதலில் செய்த வேலை தமிழ் படித்தது. இரவு பகலாகப் படித்தார். பிறகு வருவோருக்கு உதவ இலக்கணமும் எழுதினார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியதும், முத்துக்குளித்துறை மக்கள் பலர் அங்கே குடியேறினார்கள். அடிகளாரும் அவர்களோடு வந்து சில காலம் பணிபுரிந்தார். வன்னி வாசகர்களே, மடுவுக்கு யாத்திரை போகும் நமக்கு மன்னார் அயல் ஊர் அல்லவா? தமிழ் அச்சின் தந்தை நடமாடிய மண் அது.

அக்காலத்தில் தமிழ்ச் செபங்கள் அச்சாகாமல் இருக்கவில்லை. 1554இலேயே லிஸ்பன் நகரில் ஒரு நூல் வெளிவந்தது. கறுப்பும் சிவப்புமாய் அழகாகவே அச்சிட்டிருந்தார்கள். ஆனால் தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் இருந்தன! ஓலை வாசித்துப் பழகிய கடற்கரை மக்களுக்கு அந்த அழகால் என்ன பயன்? அவர்களுடைய எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று அடிகளார் உறுதிகொண்டார்.

அது எளிதன்று. தமிழுக்கு வேண்டிய ஒவ்வொரு அச்சையும் உலோகத்தில் வெட்டி வார்க்க வேண்டும். கொன்சால்வெஸ் என்னும் இஸ்பானியச் சகோதரர் 1577இல் கோவாவில் முதல் எழுத்துக்களை வார்த்தார். அவை போதிய திருத்தமாக அமையவில்லை. மறு ஆண்டு கொல்லத்தில் பாரியா அடிகளார் புதிதாக வார்த்தார். செலவுக்குப் பணம் தந்தவர்கள் அந்தப் பரதவ மக்களே. 1578 அக்டோபர் 20ஆம் நாள் 16 பக்கங்களில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூல் இதுவே. இரண்டு வார்ப்பு எழுத்துக்களும் அதன் கடைசிப் பக்கத்தில் மாதிரியாகக் காட்டப்பட்டுள்ளன. ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அந்த எழுத்துக்களை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவை எழுத்தாணி எழுத்தின் சாயல் கொண்டவை. ஓலையில் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்பதால் புள்ளி இடுவதில்லை. அச்சிலும் புள்ளி இல்லை. பெறு என்பதும் பேறு என்பதும் ஒரே மாதிரிதான். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். நமக்கு இது குறையாகத் தோன்றலாம். அன்றைய வாசகருக்கோ அது பழகிய முகம். நூலின் முகப்பில் சித்திரம் இருந்தது. எழுத்திலோ வீண் அலங்காரம் இல்லை. புள்ளியும், ஏகார ஓகார வேறுபாடும் அச்சில் நிலைபெறப் பிற்காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வேறுபாட்டுக்கு வழிகாட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747).

அடிகளார் அத்தோடு ஓயவில்லை. 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வந்தது. 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் பெருநூல் 600 பக்கத்துக்கு மேல் வந்தது. 1600இல் புன்னைக்காயலில் அவர் உயிர் நீத்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

வாசகர்களே, 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில், பெட்டியோடு போன செபப் புத்தகங்கள் நம்மிடையே எத்தனை! இன்று அவற்றை மறுபடி அச்சிடுகிறோம். நினைவு மலர்கள் வெளியிடுகிறோம். கணினியிலே நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் கிடைக்கின்றன. தலைப்புக்கு அலங்காரம் இருக்கட்டும். அது பெரிதாகவும் சில சொற்களாகவும் நிற்பதால் தாங்கும். உள்ளே வரும் செபத்துக்கோ தெளிந்த எழுத்தைத் தெரிவு செய்யுங்கள். அச்சுக்குக் கொடுக்கு முன் ஒரு பக்கத்தை வீட்டிலுள்ள அம்மம்மாவிடம் நீட்டுங்கள். அவர் தடக்குப்படாமல் வாசித்தால், அதுவே நல்ல எழுத்து.