ஹாரி வார்டன்

மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் வீழ்த்துவோர் வெல்லும் ஆட்டம் கோல்ஃப். அதில் பெரும்புகழ் எய்தியவர் ஹாரி வார்டன். பிரெஞ்சுக் கரையை அடுத்த ஜெர்சித் தீவில், 1870ஆம் ஆண்டில், தோட்டக்காரர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பிறர் ஆடும் மட்டைகளைச் சுமந்து நடந்தே அவ்வாட்டத்தைக் கற்றார். 1896, 1898, 1899, 1903 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் வாகை சூடினார்.

நான்காம் வெற்றியின்போதே காசநோய் அவருடலை வாட்டியது. மருத்துவ விடுதியில் தங்கி நலமுற்றார். ஆயினும் பழைய திறன் திரும்பவில்லை. நெடுந்தொலைவிலிருந்து குறிதவறாது அடித்தவர், குழியருகே பந்தை மெல்லத் தட்டும் வேளையில் கை துடித்துத் தடுமாறினார். எட்டாண்டுகள் அப்போட்டியில் வெற்றி கிட்டவில்லை. அவர் காலம் முடிந்ததென்றே பலரும் எண்ணினர்.

வார்டன் மனந்தளர்ந்தாரல்லர். 1911இல் சாண்ட்விச்சில் ஐந்தாம் முறை வென்றார். 1914இல் பிரெஸ்ட்விக்கில் போட்டி நிகழ்ந்தபோது அவரும், பிரெய்டும், டெய்லரும் ஐந்தைந்து வெற்றி பெற்றோராய் நின்றனர். இறுதிச் சுற்றின் தொடக்கத்தில் டெய்லரே முந்தியிருந்தார். முடிவில் வார்டன் மூன்று அடி வேறுபாட்டில் வென்றார். அப்போது அவருக்கு அகவை 44.

1937இல் அவர் மறைந்தார். ஆறுமுறை வென்ற அவர்தம் சிறப்பை இன்றளவும் எவரும் எட்டவில்லை. உடல் தளரினும் உள்ளம் தளராதாரை வெற்றி மீண்டும் தேடி வரும்.