சகோதரிகளுக்காக வாழ்ந்த ஸஹாபி: ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி)



ஜாபிர் (ரலி) அவர்களின் பெயரை நீங்கள் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருப்பீர்கள். 1540 ஹதீஸ்களை நமக்கு அறிவித்துத் தந்தவர் அவர். அந்தப் பெரிய ஆலிமின் வாழ்க்கை ஒரு வீட்டுப் பொறுப்பிலிருந்துதான் தொடங்கியது என்பதை இன்று சற்று சிந்தித்துப் பார்ப்போம்.

தந்தையின் வஸிய்யத்

ஜாபிர் (ரலி) மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில் பனூ ஸலிமா கிளையைச் சேர்ந்தவர். இளம் வயதிலேயே தந்தை அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் அகபா உடன்படிக்கைக்குச் சென்றவர். ஆனால் பத்ருக்கும் உஹுதுக்கும் அவர் செல்லவில்லை. தந்தை தடுத்துவிட்டார்.

ஹிஜ்ரி 3. உஹுதுக்கு முந்தைய இரவு தந்தை மகனை அழைத்தார். நாளை முதலில் ஷஹீதாகிறவர்களில் தாமும் ஒருவராக இருக்கலாம் என்று சொன்னார். இரண்டு காரியங்களை ஒப்படைத்தார். ஒன்று, தம் கடனை அடைப்பது. மற்றொன்று, சகோதரிகளிடம் நல்லவிதமாக நடந்துகொள்வது. மறுநாள் அவர் ஷஹீதானார்.

வீட்டில் ஏழோ ஒன்பதோ பெண் பிள்ளைகள் இருந்ததாக அறிவிப்புகளில் வருகிறது. கடனோ 30 வஸக் பேரீச்சம்பழம். ஒரு வஸக் என்றால் 60 ஸாஉ. கணக்குப் பாருங்கள், 1800 ஸாஉ! ஜாபிருக்கோ இருபதை ஒட்டிய வயது.

அடைபட்ட கடன்

கடன் கொடுத்தவர் அவகாசம் தர மறுத்தார். நபி (ஸல்) அவர்களே பரிந்து பேசியும் அவர் இணங்கவில்லை. அப்போது நபி (ஸல்) அவர்கள் ஜாபிரின் தோட்டத்திற்கு வந்து, பேரீச்ச மரங்களுக்கிடையே நடந்தார்கள். பிறகு பழங்களைப் பறித்து அளந்து கொடுக்கச் சொன்னார்கள். 30 வஸக் கடனும் அடைந்தது. 17 வஸக் மீதமும் இருந்தது. கடனை அடைக்க வேண்டும் என்று உண்மையாகவே துடிப்பவனுக்கு அல்லாஹ்வின் பரக்கத் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

தனக்காக அல்ல

அடுத்து அவருடைய திருமணம். ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது ஜாபிரின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தட்டிவிட, அது எல்லோரையும் முந்த ஆரம்பித்தது. பேச்சு குடும்பத்தின் பக்கம் திரும்பியது. ஏற்கனவே மணமாகியிருந்த ஒரு பெண்ணைத் தாம் மணந்திருப்பதாக ஜாபிர் சொன்னார். இளைஞரான அவர் ஒரு கன்னிப் பெண்ணை மணந்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். வீட்டில் சிறு வயது சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களைப் போலவே இன்னொரு சிறுமியைக் கொண்டுவர மனமில்லை. அவர்களுக்குத் தலைவாரிவிட்டு, ஒழுக்கம் சொல்லி வளர்க்கும் ஒருவர் வேண்டும் என்றே அப்படிச் செய்தேன் என்றார் ஜாபிர். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரிகண்டு துஆச் செய்தார்கள்.

அந்த ஒட்டகத்தை ஓர் ஊக்கியாவுக்கு விலை பேசினார்கள். மதீனா வந்ததும் பிலால் (ரலி) மூலம் விலையைக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுத்து, ஒட்டகத்தையும் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் பங்கை ஜாபிர் செலவழிக்காமல் பையில் வைத்துப் பாதுகாத்தார். ஹிஜ்ரி 63ல் ஹர்ரா சம்பவத்தின்போது ஷாம் படையினர் பறித்துக்கொள்ளும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது அவரிடம் இருந்தது.

வீடும் மார்க்கமும்

குடும்பப் பொறுப்பு இருந்ததால் மார்க்கப் பணியிலிருந்து அவர் ஒதுங்கிவிடவில்லை. தந்தை ஷஹீதான பிறகு நபியவர்களுடன் 19 போர்களில் கலந்துகொண்டார். அகழ் தோண்டிய நாளில் நபியவர்களின் பசியைக் கண்டு பொறுக்காமல் வீட்டுக்கு ஓடினார். ஒரு ஸாஉ கோதுமைதான் அல்ல, வாற்கோதுமை, ஓர் ஆட்டுக்குட்டி, அவ்வளவுதான். மனைவி மாவு பிசைந்தார். சிலருக்கென்று சமைத்த அந்த உணவை ஆயிரம் பேர் வயிறார உண்டார்கள்.

அவர் நோயுற்று மயங்கிக் கிடந்தபோது நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் நடந்தே வந்து, உளூச் செய்த நீரைத் தெளித்தார்கள். கண் விழித்ததும் அவர் கேட்டது, தம் சொத்து என்னவாகும் என்பதைத்தான். அதையொட்டி வாரிசுரிமை வசனம் இறங்கியது.

முதுமையிலும் அடியார்களின் உரிமை பற்றிய கவலை அவரை விடவில்லை. கியாமத் நாளில் ஒருவருக்கொருவர் செய்த அநியாயத்திற்குக் கணக்குத் தீர்க்கப்படும் என்ற ஒரேயொரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக, ஒட்டகம் வாங்கி ஒரு மாதம் பயணம் செய்து, ஷாமில் அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் போனார்.

பார்வை போன பிறகும் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஹுஸைன் (ரலி) அவர்களின் பேரர் முஹம்மது வந்தபோது, அந்த இளைஞரின் சட்டைப் பித்தானைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்து வரவேற்றார். பிறகு நபியவர்களின் ஹஜ்ஜை ஆரம்பம் முதல் இறுதி வரை விவரித்தார். இன்றும் நம் ஹஜ்ஜுக்கு அந்த ஹதீஸ்தான் பெரிய வழிகாட்டி. ஹிஜ்ரி 78ஐ ஒட்டி, சுமார் 94 வயதில் வஃபாத்தானார்கள்.

நாம் எங்கே?

சகோதரர்களே! தந்தையின் ஜனாஸா முடிந்ததும் அவருடைய கடன் எவ்வளவு என்று விசாரிக்கிறோமா, வீடு யாருக்கு என்று விசாரிக்கிறோமா? கல்யாணச் சீரோடு கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லி, அக்கா தங்கைகளுக்கு அல்லாஹ் விதித்த பங்கைக் கொடுக்காமல் இருக்கிறோமே! ஜாபிர் (ரலி) தம் திருமணத்தையே சகோதரிகளுக்காக அமைத்துக்கொண்டார். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம். அவர்களுக்குச் சேர வேண்டியதையாவது கொடுத்துவிடுங்கள். இன்று தொழுகை முடிந்து வீடு போனதும் உங்கள் சகோதரிக்கு ஒரு போன் செய்து நலம் விசாரியுங்கள்.

பெற்றோரின் கடனை நிறைவேற்றி, உடன்பிறந்தவர்களின் உரிமையைப் பேணி வாழும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.