பத்து மக்களும் பல நூறு மலர்களும்

தாவரவியல் பயிலும் எனக்கு ஓவியத்தோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். நம் கல்லூரி நூலகத்தில் ஓவிய நூலொன்றைப் புரட்டியபோது, பூச்சாடிப் படம் ஒன்று என் கருத்தைக் கவர்ந்தது. இளவேனிலில் மலரும் டூலிப்பும் கோடையில் மலரும் கசகசாப் பூவும் ஒரே சாடியில் இருந்தன! ஓவியர் பிழை செய்துவிட்டார் என்றே எண்ணினேன். அவரது வாழ்க்கையைப் படித்த பின்னரே பிழை என்னுடையது என்று தெளிந்தேன். அவர்தாம் டச்சு நாட்டு மலரோவிய மேதை ரேச்சல் ரூய்ஷ் அம்மையார்.

1664ஆம் ஆண்டு திஹேக் நகரில் பிறந்த அவர், ஆம்ஸ்டர்டாமில் வளர்ந்தார். தந்தை பிரடெரிக் ரூய்ஷ் உடற்கூற்றியலிலும் தாவரவியலிலும் புகழ்பெற்ற அறிஞர். பதப்படுத்திய உயிரினங்களும் உலர்த்திய செடிகளும் நிறைந்த அவரது தொகுப்பே மகளுக்கு முதற் பள்ளி. பதினைந்தாம் வயதில் வில்லெம் வான் ஆல்ஸ்ட் என்னும் ஓவியரிடம் மாணவியாகச் சேர்ந்தார் ரேச்சல்.

எண்ணெய் வண்ணம் விரைவில் உலராது. அடுக்கடுக்காகப் பொறுமையுடன் பூச வேண்டும். பறித்த மலரோ சில நாளில் வாடிவிடும். ஆகவே, அக்கால மலரோவியர்கள் பருவந்தோறும் பூப்பவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒரே சாடியில் கூட்டினர். ரேச்சலின் படங்களில் இதழ்களின் எழில் மட்டுமா? பூச்சி அரித்த இலையும் உண்டு. ஊர்ந்து செல்லும் புழுவும் உண்டு!

1693இல் ஓவியர் யூரியான் பூல் என்பாரை மணந்து, பத்து மக்களுக்குத் தாயானார். தூரிகையைக் கீழே வைத்தாரா? இல்லை! 1701இல் திஹேக் ஓவியர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1708இல் ஜெர்மனியின் டுசல்டார்ப் அரசவை ஓவியரானார். ஆம்ஸ்டர்டாமில் தம் இல்லத்திலிருந்தே வரைந்து அனுப்பினார். 1723இல் பரிசுச் சீட்டில் பெருந்தொகை விழுந்தது. அதன் பின்னும் அவர் கலையை மறக்கவில்லை. முதுமையில் வரைந்த படங்களில் கையொப்பத்துடன் தம் வயதையும் பொறித்தார். 1747இல் வரைந்தபோது அவருக்கு வயது 83! 1750இல் மறைந்தார்.

இறுதித் தேர்வு முடிந்ததும் எனக்குத் திருமணம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அத்துடன் படிப்பு முடிந்துவிடுமோ என்று கலங்கியிருந்தேன். இன்று அக்கலக்கம் ஓரளவு தணிந்திருக்கிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் விடை கூறவில்லை, மறுக்கவும் இல்லை. செய்முறைத் தேர்வு ஏட்டில் நேற்று செம்பருத்தியை வரைந்தேன். பூச்சி அரித்த இலையையும் விடாமல் வரைந்தேன்.