கடற்கரைக்குப் பெயரிட்ட ஆளுநர்

விடுமுறையில் பெங்களூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் நீங்கள் மெரினா கடற்கரையைக் காணாமல் திரும்புவதில்லை. அப்பெயரை இட்டவர் மவுண்ட்ஸ்டூவர்ட் கிராண்ட் டஃப்.

இவர் 1829ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். 1857 முதல் 24 ஆண்டுகள் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கினார். 1868 முதல் 1874 வரை இந்தியத் துறையின் துணை அமைச்சராகப் பணியாற்றினார். தாம் கண்டிராத நாட்டைப் பற்றி அவையில் விடையளிக்கும் விந்தையான பொறுப்பு அது! பதவி நீங்கிய பின்னரே இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார்.

1881இல் சென்னை மாகாண ஆளுநரானார். மறு ஆண்டே சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. அரசு கடும் நடவடிக்கை எடுத்தது. நகராட்சி உறுப்பினரான விஜயராகவாச்சாரியாருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமோ அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. இந்திய இதழ்கள் ஆளுநரை வன்மையாகக் கண்டித்தன. இலண்டனில் தாராளவாதக் கட்சியைச் சேர்ந்தவர், இங்கு அக்கொள்கையைக் காட்டவில்லை என்பதே மக்களின் மனக்குறை. 1884இல், அவர் ஆட்சிக் காலத்திலேயே, சென்னை மகாஜன சபை தோன்றியது.

அந்நாளில் துறைமுகம் கட்டப்பட்டதால் அதன் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றுகொண்டிருந்தது. அங்கே மக்கள் உலாவப் பாதை அமைத்த ஆளுநர், சிசிலித் தீவின் நினைவாக அதற்கு மெரினா எனப் பெயர் சூட்டினார். 1886இல் பதவி நீங்கிய அவர் 1906இல் மறைந்தார். அப்பாதையை ஒட்டிச் செல்லும் சாலைக்கு இன்று காமராசர் பெயர் வழங்குகிறது.